சுன்ஹேயின் போர்வை

பக்கத்து வீட்டு மான்சிக்கின் ஹல்லாபோங் ஆரஞ்சு மரத்தின் மேல் கிடந்த போர்வையைச் சுன்ஹே கல்சுவருக்கு இந்தப் பக்கம் நின்றே அடையாளம் கண்டுகொண்டாள். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டிருந்தான். ஆனாலும் மகளின் பழைய பள்ளிக் கால்சட்டையை வெட்டி அவள் வைத்த பச்சை ஒட்டு மறையவில்லை.

போன குளிர்காலத்தில் அவளுடைய எலுமிச்சை மரத்தை மூடியிருந்த போர்வை அது. தொட்டியில் வளர்த்து, பிறகு கொல்லையில் இறக்கிவைத்த மரம், முதல் காய்ப்பு. மகளைப் பார்க்க பூசான் போய்த் திரும்பியபோது போர்வையைக் காணோம். இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்கியது. வசந்தத்தில் தண்டும் பிளந்துவிட்டது.

“ஜேஜுத் தீவுக் காத்து என்னத்தைத்தான் விட்டுவைக்கும் அக்கா? கடலுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கும்” என்று அப்போது மான்சிக் உச்சுக் கொட்டினான்.

இப்போது போர்வையைப் பார்த்தும் அவள் சத்தம் போடவில்லை. பொறுத்திருந்தாள்.

உறைபனி எச்சரிக்கை வந்த நாள், அவன் மகனுக்குப் பெண் கொடுக்கப்போகிறவர்கள் வந்திருந்தார்கள். பொழுது சாயும் நேரம். “பழத்துல புளிப்பு இன்னும் கொஞ்சம் இறங்கணும். புது வருஷத்துக்கு ஒரு கூடை உங்க வீட்டுக்குத்தான்” என்று மான்சிக் மரத்தடியில் பெருமையடித்துக்கொண்டிருந்தான். சுன்ஹே கதவைத் தள்ளிக்கொண்டு நேரே மரத்திடம் போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

“அக்கா, என்ன பண்றீங்க?”

“என் போர்வையை எடுத்துக்கறேன். இந்த ஒட்டு என் மக கால்சட்டை. இல்லைன்னு இவங்க முன்னாடி சொல்லு பாப்போம்.”

சம்பந்தி வீட்டம்மா ஒட்டையும் மான்சிக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் காது சிவந்துபோனது.

“இன்னிக்கு ஒரு ராத்திரி விட்டுவைங்க அக்கா. கடையெல்லாம் சாத்திட்டான்.”

“என் மரத்துக்கு நீ எத்தனை ராத்திரி விட்டுவச்சே?”

போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். இருட்டுவதற்குள் அவன் பிளாஸ்டிக் தாள் ஒன்றைத் தேடி மரத்தோடு இறுக்கிச் சுற்றினான். இலையோடு ஒட்டிக் கிடக்கும் தாள் வழியாகக் குளிர் நேரே இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அடியில் சூடேற்றிய வீட்டுத் தரை இதமாக இருந்தது, நன்றாகத் தூங்கினாள்.

காலையில் பழங்கள் கல்லாக உறைந்திருந்தன. வெயில் ஏறியதும் தொளதொளத்துப்போயின. கிளையெல்லாம் கருகியது. கருகிய ஒவ்வொரு கிளையையும் சுவரருகே நின்று ஆற அமரப் பார்த்தாள். வெகுநாளாக அடைத்திருந்த நெஞ்சு இளகியது.

மத்தியானம் மான்சிக்கின் மனைவி ஹியோசுக் வந்தாள். சண்டைக்கென்று நினைத்து சுன்ஹே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“அந்த மரம் நான் வச்சது அக்கா” என்றாள் ஹியோசுக். “போர்வை ஏதுன்னு கேட்டேன். வாங்கினேன்னு சொன்னார்.”

சுன்ஹே இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

“அது தெரிஞ்சிருந்தாலும் உருவியிருப்பேன்” என்றாள் பிறகு.

“உருவியிருப்பீங்க. நானா இருந்தா மரத்தையே வெட்டியிருப்பேன்.” ஹியோசுக் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். “வீட்டுக்குப் போக மனசில்லை. குடிக்கச் சூடா ஏதாவது இருக்கா?”

சுன்ஹே அடுப்பைப் பற்றவைத்தாள்.