இறக்காத ஃபேடர்

இன்னுமா லேண்ட்லைன் வைத்திருக்கிறீர்கள் என்று சிரிப்பவர்கள் கம்பம் ஊரின் வானொலி நிலையத்துக்குள் செல்போனோடு வந்து பார்க்கட்டும். ஒலி சேர்க்கும் மிக்சர் பக்கத்தில் அது மணியடிக்கும் முன்பே ஸ்பீக்கர் கிர்ர் என்று கத்தி மானத்தை வாங்கிவிடும். அதனால் போன் போட்டுப் பாட்டுக் கேட்கிற நேயர்களுக்கு அங்கே இன்றும் கம்பி போன்தான். ஒரே ஜோடிக் கம்பியில் போகிற பேச்சும் வருகிற பேச்சும் கலந்துகிடக்கும். அதைப் பிரித்து, நேயரின் குரலை மட்டும் மிக்சருக்குத் தருவதற்கு ஒரு பெட்டி உண்டு. முந்தின நாள் இடி மழை அந்தப் பெட்டியைத் தின்றுவிட்டது.

நசீம் சும்மா இருக்கிற ஆளா? நிலையத்தின் சவுண்ட் இன்ஜினியர், கை வைத்தால் எதுவும் பேசும் என்று பேர் எடுத்தவன். ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரைத் தேடிப் பிடித்து, போன் கம்பியை அதன் வழியாக நேரே மிக்சரின் காலி சேனலில் சொருகினான். தான் பேசுவதற்குப் பழைய போனின் ரிசீவரையும் சேர்த்து மாட்டினான். வேலை செய்தது. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். பெட்டி இருந்தவரைக்கும் கியூ பட்டனை அமுக்கினால் நேயரின் குரல் அவன் ஹெட்போனுக்கு மட்டும் வரும், ஒலிபரப்பில் போகாது. இப்போது கியூவை அமுக்கினாலும் ஒலிபரப்பில் போகும். நிறுத்த வேண்டுமென்றால் ஃபேடர் என்கிற ஒலி அளவுப் பிடியைக் கையால் கீழே இறக்க வேண்டும். காலை முழுக்க ஞாபகமாக இறக்கிக்கொண்டுதான் இருந்தான், பாவி. மதியச் சோற்றைத் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்ததும் விரல் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கியூவை அமுக்கி ரிசீவரை எடுத்தான்.

“வணக்கம், எந்த ஊர்லேர்ந்து பேசுறீக? என்ன பாட்டு வேணும்?”

“பாட்டு வேணாம்ணே.” குரலே இல்லை, மூச்சுதான் வந்தது. “என்னைய வெட்டிருவாருண்ணே. போலீசுக்குச் சொல்லுங்க.”

நசீம் குரலைத் தாழ்த்தினான். “பயப்படாத ஆத்தா. நீ யாரு? எங்கன இருக்க?”

“கே.கே.பட்டி மேற்குத் தெரு, அபிதா. எங்க வீட்டுக்காரரு சுரேஷ்கண்ணன். அம்மா வீட்டுக்குப் போறேன்னு பையத் தூக்குனேன், இந்தப் போனாலயே மண்டையில அடிச்சாரு. பட்டனெல்லாம் தெறிச்சுப்போச்சு, ரீடயல் மட்டும் அமுங்குது. அத்தை காலையில உங்களுக்குத்தான் போன் பண்ணுனாக.”

“இப்ப அந்தாளு எங்க?”

“அருவா எடுக்கக் கீழ எறங்குனாரு. நான் கொல்லைப்பக்கம் ஓடிட்டேன்னு அங்கன தேடுறாரு. மாடியிலதான் இருக்கேன். கதவப் பூட்டிட்டு, திராட்சைப் பெட்டி அடுக்குக்குப் பின்னால.”

ஒலிபரப்பு கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றிப் போவதால் ரேடியோவில் எல்லாமே அரை நொடி பிந்தித்தான் வரும். அவள் வாயை மூடினாள். அவள் வீட்டின் கீழேயிருந்து, போன் வழியாக, அவள் குரலே நசீமின் ஹெட்போனுக்கு மறுபடியும் வந்தது. அடுக்குக்குப் பின்னால, என்றது.

வீட்டுக் கூடத்தில் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கிறது! அவள் ஒளிந்திருக்கும் இடத்தை அவள் புருஷனுக்கு இவனே ஒலிபரப்பிவிட்டான். அட அறிவுகெட்டவனே! முந்தின நேயருக்கு ஏற்றிய ஃபேடர் இறங்காமல் உச்சியில் நின்றது.

“ஊருக்கே சொல்றியாடி நாயே!” என்று கீழே ஒரு குரல் வெடித்தது. ரேடியோவைத் தூக்கிச் சுவரில் அடித்து நொறுக்கிய சத்தம் கேட்டது. அப்புறம் படிக்கட்டில் தடதடவென்று கால் சத்தம்.

நசீமின் கை ஃபேடரை இறக்கப் போய், நின்றது. இறக்கினால் அவள் சாவது இவன் ஒருவன் காதுக்குத்தான் கேட்கும். பாட்டை வெட்டினான், மைக்கைத் திறந்தான்.

“கே.கே.பட்டி ஆளுகளே! தோட்டத்துல நிக்கிறவகளே! மேற்குத் தெரு சுரேஷ்கண்ணன் வீட்டு மாடிக்கு ஓடுங்க! பொண்டாட்டியக் கொல்றான், ஓடுங்க!”

அந்த ஊரில் திராட்சைத் தோட்டத்துக்குத் தோட்டம் பந்தல் கம்பியில் ஒரு ரேடியோ தொங்கும். அதைக் கேட்டுக்கொண்டேதான் பெண்கள் கத்தரியால் குலை வெட்டுவார்கள். பாட்டு நின்று ஒருத்தி அலறுகிற சத்தம் வந்தால் யார்தான் குலை வெட்டிக்கொண்டு நிற்பார்கள்?

நிலைய மேலாளர் ஞானசிகாமணி வேட்டி அவிழ ஓடிவந்தார். “டேய், கட் பண்ணுடா! லைசென்ஸ் போயிரும்!” என்று ஃபேடர்மேல் பாய்ந்தார். நசீம் முழங்கையை வீசினான். அவர் மூக்கு உடைந்து மிக்சர்மேல் ரத்தம் தெறித்தது.

“வெளிய போயி போலீசுக்குப் போன் அடிங்க சார்! இதுல கை வச்சீக, கைய ஒடிச்சிருவேன்.”

ஹெட்போனில் கதவு பிளந்தது. பெட்டிகள் சரிந்தன. அருவாள் முதலில் அட்டைப் பெட்டியில் இறங்கியது, அடுத்து சதையில் இறங்கியது. “என் கையி! அம்மா, என் கையி!” என்று அபிதா கதறினாள். பள்ளத்தாக்கு முழுக்க அந்தக் கதறல் போனது. நசீம் மேசையில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

அப்போது படிக்கட்டில் திமுதிமுவென்று ஆட்கள் ஏறினார்கள்.

“ஏலே, விடுலே அவள!”

“அருவாளப் புடுங்குடி!”

“இந்தக் கைதானலே வெட்டுச்சு? இந்தக் கைதான?”

சுரேஷ்கண்ணன் முதலில் வைதான். பிறகு கெஞ்சினான். பிறகு சொல்லே இல்லாமல் ஊளையிட்டான். நல்லாப் போடுங்க என்று நசீம் வாய்விட்டே சொன்னான், சந்தோஷமாக இருந்தது. ஆனால் அடி நிற்கவில்லை. கட்டையும் காலும் கத்தரியும் விழுந்துகொண்டே இருந்தன, ஊளை முனகலாகிவிட்டது.

“போதும், விட்ருங்க! செத்துருவான்!” என்று மைக்கில் கத்தினான். யாருக்குக் கேட்கும்? அந்த வீட்டு ரேடியோ தூள்தூளாகக் கிடந்தது. மற்ற ரேடியோக்கள் ஆளில்லாத பந்தல்களில் தொங்கின. அவன் குரல் போகிற வழி இனி அந்தக் கம்பி ஒன்றுதான், அதன் மறுமுனையில் அபிதா மட்டும்தான். ஊர் கேட்டது போதும் என்று ஃபேடரை இறக்கி, ரிசீவரை எடுத்தான்.

“ஆத்தா, கேக்குதா?”

“ம்.”

“அவுககிட்ட நீ சொல்லு. நீ சொன்னா விட்ருவாக.”

அவள் மூச்சு இரைத்தது. பின்னால் அடி விழுந்துகொண்டிருந்தது.

“சொல்றேண்ணே,” என்றாள். “இன்னுங் கொஞ்ச நேரம் ஆகட்டும்.”

போனை அவளே வைத்துவிட்டாள்.

ஞானசிகாமணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். “போலீஸ் அங்க போயிருச்சு. அந்தப் புள்ள உசுரோட இருக்குல்ல? கடைசியா என்னடா சொல்லுச்சு?”

நசீம் அடுத்த பாட்டைப் போட்டான்.

“உசுரோட இருக்கு சார்,” என்றான். “ஒண்ணுஞ் சொல்லல. லைன் கட்டாயிருச்சு.”