குளிக்கப் போகும்போது கொடுத்தது

போன் அந்நேரம் யார் கையில் இருந்தது என்று ஜுஹைனா கேட்டதும் உச்சிமாகாளி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். தென்காசியில் அவருடைய பென்ஷன் வருகிற பேங்கில் கார்டு புகார்களைப் பார்க்கிற பெண் அவள். அவருடைய மகள் வயதுதான் இருக்கும். படிவத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்து, பேனா முனையால் அந்தக் கேள்வியைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். உச்சிமாகாளி அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலங்குளத்தில் ஏறிவிட்டுப் பாவூர்சத்திரத்தில் ஏறினேன் என்று சாதிக்கிறவனை மூஞ்சியைப் பார்த்தே பிடித்துவிடுவார். இன்றைக்கு அதே மாதிரி யாராவது தன் மூஞ்சியைப் பார்க்கிறார்களா என்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கேட்டதற்குப் பதில் தெரியாமல் இல்லை. போன் பலவேசத்தின் கையில் இருந்தது. சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் மேலகரத்திலிருந்து காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போய்விடுவது உச்சிமாகாளியின் வழக்கம். பேரருவிக்குப் போகிற வழியில் பலவேசம் கடை. துண்டு, சோப்பு, நல்லெண்ணெய், சீயக்காய்த் தூள், அவசரத்துக்கு வாங்குகிற அரைக்கால் டவுசர் என்று நாலு பலகைக்குள் எல்லாம் இருக்கும். சட்டை, பர்ஸ், வண்டிச் சாவி, போன் எல்லாவற்றையும் அங்கே கொடுத்துவிட்டுத்தான் அருவிக்குப் போவார். அவர் மட்டும் இல்லை, உள்ளூர்க்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான். தண்ணீருக்குள் நிற்கிறவனுக்குப் போன் வந்தால் எடுத்துப் பதில் சொல்லுவதும் பலவேசத்தின் வேலை. கேட்டுச் செய்கிற வேலை இல்லை, தானாக அமைந்துபோனது. "அண்ணாச்சி அருவிக்குள்ள நிக்காரு, வந்ததும் பேசச் சொல்லுதேன்" என்று ஊரில் எத்தனையோ மனைவிமார்களிடம் அவர் சொல்லியிருக்கிறார். உச்சிமாகாளியின் மனைவி கோமதியம்மாள்கூட, கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்ல மறந்துவிட்டால் அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள். எடுப்பது பலவேசம்தான் என்று தெரிந்தே பேசுவாள்.

அன்றைக்குத் தண்ணீர் நன்றாக விழுந்தது. குளித்து முடித்து உடம்பெல்லாம் லேசாகி, பல் கிடுகிடுக்க உச்சிமாகாளி கடைக்கு வந்தபோது பலவேசம் துண்டை நீட்டிக்கொண்டே சொன்னார்.

"உமக்கு என்னமோ பார்சல் வருதாம் வே. ஒருத்தன் போன் பண்ணி உம்ம பேரெல்லாம் சரியாச் சொன்னான். இப்ப ஒரு நம்பர் வரும், அதச் சொன்னாத்தான் பார்சல அனுப்ப முடியும்னான். வந்துச்சு, சொல்லிட்டேன்."

"பார்சலா? நான் ஒண்ணும் கேக்கலயே வே."

"ஒம்ம மக ஏதும் அனுப்பிருப்பா. அப்பனுக்கு ஸ்வெட்டர் வாங்கிருப்பா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறுஞ்செய்திகளைப் பார்த்த பிறகுதான் உச்சிமாகாளிக்கு விளங்கியது. ஏதோ ஓர் ஆன்லைன் கடையில் அவர் கார்டை வைத்து யாரோ விலை கூடிய செல்போன் ஒன்று வாங்கியிருந்தார்கள். இருபத்தாறாயிரத்துச் சொச்சம். கோமதியம்மாளுக்குப் பல் கட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் அது.

கோமதியம்மாளுக்கு முன்வரிசைப் பற்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது. வாய் நிறையச் சிரிக்கிற மனுஷி அவள். இப்போது யாராவது வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறாள். ஆவணியில் அவளுடைய தம்பி மகளுக்குச் சுந்தரபாண்டியபுரத்தில் கல்யாணம். அதற்குள் பல் செட் வந்துவிடும் என்று உச்சிமாகாளி வாக்குக் கொடுத்திருந்தார். பணம் போன அன்று அவள் "நம்ம நேரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அது திட்டுவதைவிட அதிகமாக அவரைக் குத்தியது.

கார்டு நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று உச்சிமாகாளிக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் போனில் ஒரு விளம்பரம் வந்தது. முட்டுவலிக்குப் பெல்ட், பாதி விலை. அமுக்கினார், கார்டில் இருந்ததையெல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டார். பெல்ட் என்று வந்தது ஒரு ரப்பர் துண்டு. அதைப் பரணில் போட்டுவிட்டு, ஏமாந்ததை வெளியே சொன்னால் அசிங்கம் என்று வாயை மூடிக்கொண்டார். ஊரையே டிக்கெட் கேட்டு மிரட்டினவன் ரப்பர் துண்டுக்கு ஏமாந்தான் என்று ஊர் சிரிக்காதா?

ஆன்லைன் கடையின் நம்பருக்கு மூன்று நாள் விடாமல் அடித்துப் பார்த்தார். பாட்டுப் போட்டுக் காக்க வைத்து, கடைசியில் ஒரு பெண் பேசினாள். "சார், ஓடிபி போட்டுத்தான் ஆர்டர் ஆகியிருக்கு. பார்சலும் டெலிவரி ஆயிடுச்சு. எங்க சைடுல எதுவும் பண்ண முடியாது, நீங்க பேங்க்ல டிஸ்ப்யூட் போடுங்க." பார்சல் வடக்கே அவர் வாயில் நுழையாத ஓர் ஊருக்குப் போயிருந்தது. அப்படித்தான் ஜுஹைனாவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

அவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் முகம் வாடிப்போனது.

"நீங்களே போனைக் குடுத்து, அவர் நம்பரைச் சொல்லியிருந்தா, அது கஸ்டமரோட கவனக்குறைவுல வரும் சார். ரிஜெக்ட் பண்ணிருவாங்க."

"அவன் தெரியாம சொல்லிட்டான்மா. நல்லவன்."

"நல்லவர்தான் சார், நான் இல்லன்னு சொல்லல. நீங்க அனுமதி குடுத்து அவர் பேசினாரா, இல்ல உங்களுக்குத் தெரியாம எடுத்துப் பேசினாரா? அதுதான் இங்க கேள்வி."

அவள் பொய் சொல்லச் சொல்லவில்லை. படிவத்தில் இருந்ததைத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு சந்து இருந்தது. அதன் வழியாகப் போனால் பணம் திரும்பி வரும் என்று உச்சிமாகாளிக்குப் பளிச்சென்று தெரிந்தது. கோமதியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கல்யாணப் பந்தலில் நிற்பதும் கூடவே தெரிந்தது.

"தெரியாமத்தான் எடுத்தான். துண்டுக்குள்ள வச்சுட்டுப் போனத எடுத்துப் பேசிட்டான்" என்றார்.

சொன்ன பிறகு வாய் கசந்தது. கார்டு விவரங்களை வேறு எங்காவது கொடுத்தீர்களா என்று அடுத்த கேள்வி. இல்லை என்று எழுதினார். நனைந்தபின் முக்காடு எதற்கு? கையெழுத்துப் போட்டார். சைபர் புகாரும் போட வேண்டும் என்று ஜுஹைனா சொல்லி, அவர் போனிலேயே அதையும் பதிந்து, கையெழுத்துப் போட்ட படிவத்தையும் படம் எடுத்து அதோடு சேர்த்தாள். அதில் பலவேசம் பெயரும் கடை இருக்கிற இடமும் ஏறின. இதெல்லாம் சும்மா ஒரு முறைக்குத்தான், யார் போய் விசாரிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

விசாரித்தார்கள். ஆடி மாதத்துச் சனிக்கிழமை, தண்ணீரும் கூட்டமும் ஒன்றுசேர்ந்து கொட்டுகிற நாளில் பலவேசத்தை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவருடைய போனை வாங்கிப் பார்த்தார்கள், கணக்குப் புத்தகத்தைக் கேட்டார்கள், ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார்கள். அவர் பேரில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த இரண்டு நாளும் கடைப் பலகை மூடியே கிடந்தது. சீசனில் மூடிக் கிடக்கிற கடையைப் பார்த்தால் பக்கத்துச் சிப்ஸ் கடைக்காரர் சும்மா இருப்பாரா? குளிக்க வந்தவர்கள் போனில் பணம் எடுத்தானாமே என்று திங்கட்கிழமைக்குள் இலஞ்சி வரைக்கும் பேச்சு போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

கோமதியம்மாளுக்கு ரேஷன் கடையில் வைத்துத் தெரிந்தது. வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீங்க குடுத்துட்டுப் போனதுதான? நானே எத்தன நாளு அந்த அண்ணாச்சிகிட்டப் பேசிருக்கேன்? தெரியாம எடுத்தாரா அவரு?"

"உனக்குப் பல்லு கட்டணும்லா."

அவள் வாயிலிருந்த முந்தானையை எடுக்காமலே, "நான் கேட்டனா?" என்றாள்.

இராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு மறுநாள் பேங்குக்குப் போனார். எழுதியதைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்றார். ஜுஹைனா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை, பயம் இருந்தது. புகாரைப் பதிந்து கொடுத்தவள் அவள்தானே.

"இப்ப மாத்தினா முதல்ல எழுதினது பொய்னு ஆகும் சார். போலீஸ் புகாரும் பொய்ப் புகார்னு ஆகும். உங்க மேலதான் திரும்பும். பென்ஷன் வாங்குறவங்க நீங்க. நல்லா யோசிச்சுக்கிடுங்க."

யோசித்தார். யோசிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார் என்று சொல்லுவதுதான் சரி. பென்ஷன் என்ற சொல் காதில் விழுந்தபோதே அவர் முடிவு செய்துவிட்டார். வெளியே வந்து டீ குடித்தார். பணம் அந்த வாரமே கணக்கில் ஏறியது.

அதற்கப்புறமும் பலவேசத்தைப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடையில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். 'இங்கு பொருட்கள் வைக்க வேண்டாம்.' எழுத்து பலவேசத்தின் மகன் பேச்சிராஜ் எழுத்தாக இருக்க வேண்டும். பலவேசம் துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். உச்சிமாகாளியைப் பார்த்ததும் எழுந்தார்.

"என்ன வேணும்? சோப்பா, எண்ணெயா?"

"வே பலவேசம்..."

"நீரு எழுதினத அந்த ஏட்டு எனக்கு வாசிச்சுக் காட்டினாரு. கீழ கையெழுத்தையும் காட்டினாரு. உம்ம கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"அது ஒரு பேச்சுக்கு எழுதுனது வே. அப்படி எழுதலன்னா துட்டு வராதுன்னாவ."

பலவேசம் கையிலிருந்த துண்டை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் உச்சிமாகாளிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"என்கிட்டச் சொல்லிட்டு எழுதிருக்கலாம்லா. 'பலவேசம், உம்ம பேரப் போடப் போறேன், ரெண்டு நாளு போயி ஸ்டேஷன்ல உக்காந்துட்டு வாரும்'னு சொல்லிருந்தா, நான் மாட்டேன்னா சொல்லிருப்பேன்?"

மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டார். உச்சிமாகாளிக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. இந்த ஒரு வழி தனக்கு ஏன் தோன்றவில்லை? யாரோ சீயக்காய் கேட்டு வந்தார்கள். பலவேசம் அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோமதியம்மாளுக்குப் பல் கட்டியாயிற்று. அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு மாட்டிக்கொண்டு வந்தாள், போட்டோவுக்கு நிற்கும்போது உதட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். சாப்பிடும்போது கழற்றிவிட்டு, ரசத்தில் அப்பளத்தை ஊற வைத்துத் தின்றாள். அதைப் பார்த்துக்கொண்டே உச்சிமாகாளி பாயாசத்தைக் குடித்தார்.

சீசன் முடியப் போகிற சமயத்தில் ஒரு நாள் குற்றாலத்துக்குப் போனார். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் அந்தக் கடையைத் தாண்டிப் போவது அவரால் ஆகவில்லை, எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவருக்கு மடியில் கனம் இல்லாமல் போவதுதான் பயமாக இருந்தது. எதிர்ப்பக்கத்துக் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இங்கிருந்தே பலவேசத்தின் வழுக்கைத் தலை தெரிந்தது. அருவிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, சட்டையைக் கழற்றவும் முடியாமல் திரும்பிப் போகவும் முடியாமல் நின்றார்.

ஒரு குடும்பம் வந்தது, விருதுநகர்ப் பக்கம் போல. புருஷன், பெண்டாட்டி, தலையில் எண்ணெய் வழிகிற இரண்டு பெண்பிள்ளைகள். பலவேசம் கடைக்குப் போய் அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த ஆள் நேராக உச்சிமாகாளியிடம் வந்தார்.

"ஐயா, நீங்க குளிக்கப் போகலயா? உள்ளூரா? ஒரு பத்து நிமிஷம் இதக் கொஞ்சம் பாத்துக்கிடுங்களேன். போனு, பர்ஸு எல்லாம் இதுலதான் இருக்கு."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் பை அவர் கையில் இருந்தது. அவர்கள் நாலு பேரும் சிரித்துக்கொண்டே கூட்டத்துக்குள் போய்விட்டார்கள். உச்சிமாகாளி பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

பைக்குள் போன் அடித்தது. கொஞ்ச நேரம் அடித்து நின்றது. மறுபடி அடித்தது. யாருக்கு என்ன அவசரமோ. உடம்புக்கு முடியாதவர்கள் யாராவது வீட்டில் இருப்பார்களோ. நின்று, மூன்றாவது தடவையும் அடித்தது. அவர் கை ஜிப் வரைக்கும் போய் அங்கேயே நின்றது. பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எதிரே, துண்டு மடித்துக்கொண்டிருந்த பலவேசம் தலையைத் தூக்கினார். பையைப் பார்த்தார், அதைப் பிடித்திருக்கிறவரைப் பார்த்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.