ஹாமான் வந்தேனே

என் கணவர் யேசுரட்ணத்துக்கு மேடை என்றால் உயிர். ஆனால் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கனடாவின் ஸ்காபரோவில், எங்கள் மாதா கோயில் கூத்தில் பாட்டை மறந்து நின்றவரைப் பார்த்துப் பின்வரிசை இளந்தாரிகள் கூ அடித்தார்கள். அன்றோடு சரி. குளிக்கும்போதுகூடப் பாடுவதில்லை. கூ அடித்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை; பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் மட்டும் கைகொடுப்பேன்.

அவர் பராமரிப்பு வேலை பார்ப்பது யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்றில். போன மாதம் அங்கே பூரிம் பண்டிகை நாடகம். எஸ்தர் ராணி தன் சனத்தைக் காப்பாற்றிய பைபிள் கதைதான். கொடிய மந்திரி ஹாமானாக நடிக்க இருந்தவருக்குக் காய்ச்சல் வந்துவிட, நாடகம் பழக்கிய மிரியம் இவருடைய மீசையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். தமிழிலேயே பாடலாமாம், கதை எல்லாருக்கும் தெரியுமாம். மனிதர் அங்கே நிலவறையில் ஒளித்து நின்று பழகினார். வீட்டில் மூச்சு விடவில்லை.

"இந்தமுறையும் கூ அடிச்சாங்களெண்டால், கிளடிஸ், இனி நான் ஆருக்கும் முகம் காட்டமாட்டன்" என்றார், காரில் போகும்போது.

மண்டபத்தில் எல்லாரும் வேடத்தில் இருந்தார்கள். மதகுரு தேனீ. என் பக்கத்தில் வாழைப்பழமாக ஒரு பல் வைத்தியர். பெரியவர் சிறியவர் எல்லார் கையிலும் கிலுகிலுப்பை.

கூத்தில் ஒரு முறை உண்டு. வருகிறவன் தன் பெயரைப் பாடி முடிக்காமல் கதை நகராது. இவர் துள்ளி வந்து, "ஹாமான் மந்திரி வந்தேனே!" என்று எடுத்தார்.

மண்டபமே கூ அடித்தது. கிலுகிலுப்பை, கால் உதைப்பு, விசில். இவர் திகைத்து நின்றார். சத்தம் அடங்கியதும் முதலிலிருந்து பாடினார். இன்னும் பெரிய கூ. மூன்றாம் முறை அவர் மீசை நடுங்கியதைக் கண்டேன். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வாழைப்பழத்தின் கிலுகிலுப்பையைப் பறித்தேன்.

"உங்களுக்கு வெட்கமில்லையா?" என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

பாவம், அந்த மனிதர் பயந்துபோய் விளக்கினார். அந்தக் கொடியவனின் பெயர் காதில் விழாதபடி சத்தம் போடுவதுதான் பூரிம் வழக்கமாம். தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்ததை யாரும் இவருக்குச் சொல்ல நினைக்கவில்லை.

நான் மேடையைப் பார்த்துக் கூப்பிட்டேன். "இஞ்சருங்கோ! உது உங்களுக்கில்லை, ஹாமானுக்கு!"

உடனே மண்டபம் என் பக்கம் திரும்பி எனக்கும் ஒரு கூ அடித்தது.

இவர் என்னைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து எத்தனை காலம்! மீசையை முறுக்கி, "ஹா..." என்று இழுத்துவிட்டு நிறுத்தினார். கிலுகிலுப்பைகள் அந்தரத்தில் நின்றன. சாவகாசமாகச் சால்வையைச் சரிசெய்தார். பிள்ளைகள் துடித்தார்கள்.

"...மான்!"

கூரை பறந்தது. அப்படி இருபது தரமாவது செய்திருப்பார். எஸ்தர் ராணி மேடைக்கு வர அரைமணி நேரம் பிந்திவிட்டது.

மறுநாள் காலை குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்தோடு பாட்டும் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடிப்போய், கதவடியில் நின்று என்னால் முடிந்தமட்டும் கூ அடித்தேன்.