டாக்டர் கொடுத்த வசனம்

டப்பிங் கூடத்தில் அவளுக்குப் பெயரே கேவல்தான். விசும்பல், விம்மல், தேம்பல் என்று அழுகையில் எத்தனை ரகம் உண்டோ அத்தனையும் அவள் தொண்டையில் இருந்தது. அதிலும் மூச்சு தடுக்கி விழுகிற அந்தக் கேவலுக்கு அவளை விட்டால் ஆளில்லை. "பின்னாடி ஒரு 'ம்' சேத்துடாதீங்கப்பா, மானம் போயிடும்" என்று அவளே கிண்டலடிப்பாள். பதினோரு வருடத்தில் இருபது பைத்தியக்காரிகளுக்காவது குரல் கொடுத்திருப்பாள். முதல் பாதியில் மனநல மருத்துவர் எதிரே உட்கார்ந்து அழுவார்கள், இரண்டாம் பாதியில் கத்தியைத் தூக்கிக்கொண்டு சிரிப்பார்கள். அந்த மாதிரிப் படங்களுக்கு அது எழுதாத சட்டம். அவளுக்கும் அதில் புகார் எதுவும் இருந்ததில்லை.

அன்று காலை பத்தரைக்கு வசனத் தாளை வாங்கித் தாங்கியில் செருகினாள். திரையில் கதாநாயகி சோபாவின் நுனியில் உட்கார்ந்து நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் கையசைத்தார். அவள் தாளைப் பார்த்தாள்.

"அப்பா ஸ்பூனால டம்ளரத் தட்டிக்கிட்டே இருந்தாரு டாக்டர். தண்ணிக்குத்தான்னு தெரியும். நான் காதுல பஞ்ச வச்சிக்கிட்டேன். சத்தம் நின்னதும் நிம்மதியா தூங்கிட்டேன்."

வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

எழுத்துப் பிசகாமல் அது அவள் சொன்னது. பதினேழு வயதில், ஒரு மத்தியான நேரம் நடந்தது. எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்த அப்பாவை அக்காவும் அவளும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அன்று அவள் முறை. கண்விழித்தபோது அப்பா உயிரோடு இல்லை. பஞ்சு வைத்தது அக்காவுக்குக்கூடத் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் தூக்கமே வராமல் ஒரு டாக்டரிடம் போனாள். நாலாவது தடவைதான் அது வாயில் வந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, "இந்த ரூமத் தாண்டி ஒரு வார்த்தை போகாதும்மா" என்றார்.

திரையில் காட்சி நிற்காமல் ஓடியது. கதாநாயகி தலையை நிமிர்த்தி இளித்தாள். அடுத்த காட்சியில் நாற்காலியில் கட்டிப்போட்ட ஒருவன் முன்னால் அவள் டம்ளரை ஸ்பூனால் தட்டிக்கொண்டிருந்தாள். டிங், டிங், டிங்.

கேவல் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று இயக்குநர் உள்ளே வந்தார்.

"இத யார் எழுதுனது சார்?"

"எழுதுறதா? நிஜக் கேஸும்மா! நம்ம ஆலோசகர் டாக்டர் குடுத்தது. இந்த மாதிரி எந்த எழுத்தாளனுக்கு வரும், சொல்லுங்க? இப்ப வருவாரு, நீங்களே கேளுங்க."

மதியம் வந்தார். அதே டாக்டர். ஏதோ புதினா மிட்டாயைச் சப்பிக்கொண்டு கூடத்து நடையில் நின்றார். அவளைப் பார்த்ததும் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். அதைத் தவிர முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"அட, நீங்களா? குரல் நீங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. என்ன ஒரு பொருத்தம் பாருங்க!"

"நான் சிரிக்கல டாக்டர்."

"என்னது?"

"பஞ்சு வச்சேன்னு சொன்னேன். சிரிச்சேன்னு சொல்லல. யாரையும் கட்டிப்போட்டேன்னும் சொல்லல."

"அது கதைக்காக. உங்க பேர் வரல, ஊர் வரல. இதனால ஜனங்களுக்கு ஒரு விழிப்புணர்வுதானே?" அவள் தோளில் கையை வைத்தார். கை ஈரமாக இருந்தது. "இந்தக் கோபம் வெளிய வருதே, நல்ல அறிகுறி. அடுத்த வாரம் வாங்க, பேசுவோம்."

அவள் கழிப்பறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். முகம் கழுவும்போது வேறொன்று உறைத்தது. அந்த இருபது பேரின் அழுகையும் எங்கிருந்து வந்திருக்கும்? இருபது பேருக்கும் கடைசியில் இளிப்பை ஒட்டவைத்தது இந்தத் தொண்டைதானே? மறுபடி குமட்டியது. இந்தத் தடவை டாக்டரை நினைத்து அல்ல.

வெளியே இயக்குநர் பேரம் பேசக் காத்திருந்தார். "டம்ளர் சத்தத்தக் கம்மி பண்ணிடறேன், சரியா? ஆனா பஞ்ச எடுக்க முடியாதும்மா. பஞ்சுதான் படமே."

அவள் தாளை அவர் கையில் திணித்துவிட்டு நடந்தாள்.

படம் வெளியானால் அக்கா பார்ப்பாள். டம்ளர் சத்தம் கேட்டதுமே புரிந்துகொள்வாள். அதற்குமுன் தானே சொல்லியாக வேண்டும். அக்கா வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேவல் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்.

அக்கா கையிலிருந்த துண்டை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், பிறகு பிரித்தாள்.

"பஞ்சு எங்க இருந்து எடுத்த?"

"அப்பா மருந்துப் பெட்டியில."

"என்கிட்ட சொல்ல உனக்குப் பதினெட்டு வருஷம் ஆயிருக்கு. அந்த ஆளுகிட்ட நாலே தடவையில சொல்லிட்ட." குரல் உயரவில்லை. "போடி இங்கேருந்து. இப்ப உன் மூஞ்சியப் பாக்க முடியல."

மறுநாள் காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. அக்கா, தோளில் பையோடு.

"புகார் எங்க குடுக்கணும்? கெளம்பு."

"அக்கா, என்ன மன்னிச்சிட்டியா?"

"அது உனக்கும் எனக்கும் உள்ளது, மெதுவா பாத்துக்கலாம். செருப்பப் போடு."

படம் வேறொரு குரலோடு வெளியாகி நன்றாகவே ஓடியது. மருத்துவக் கழகத்தில் விசாரணைக்கு அழைக்க ஐந்து மாதம் ஆனது. நடையில் போட்டிருந்த நீள பெஞ்சில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்தார்கள். ஓரத்தில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு பெண் இருந்தாள். கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அந்த டாக்டர் விஷயமாத்தானே? நீங்க எந்த சீன்?"

கேவலுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு, "பஞ்சு" என்றாள்.

"நான் தலையணை." அந்தப் பெண் கோப்பின் நாடாவை விரலில் சுற்றினாள். "எனக்குக் குழந்தை தங்கல. கொஞ்ச நாள் தலையணைக்குப் பேர் வச்சுக் கூப்டுக்கிட்டிருந்தேன். அவர்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். படத்துல அவ அந்தப் பேரச் சொல்லிச் சொல்லி, அந்தத் தலையணையாலதான் அமுக்கிக் கொல்றா. தியேட்டர்ல எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவன் விசிலடிச்சான்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தப் பெண் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் இரண்டு வருடம் தொழில் செய்யக் கூடாது என்று கழகம் தீர்ப்பளித்தது. அந்தக் காகிதத்தைப் படித்தபோது கேவலுக்கு மகிழ்ச்சி ஒன்றும் வரவில்லை. யாரோ சப்பித் துப்பியதை மிதித்துவிட்ட அருவருப்புதான் உள்ளங்காலிலிருந்து ஏறியது. அடுத்த மாதம் கூடத்திலிருந்து அழைத்தார்கள், ஒரு மனநோயாளிப் பெண் வேஷமாம்.

"கடைசியில சிரிக்கிறாளா?" என்று கேட்டாள்.

"ஆமா, அதான பஞ்ச்!"

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.