அருமைக்காரிக்கு லீவு

சரசாத்தாளின் நெற்றியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் குங்குமம் இருக்கும். புருஷன் செத்துப்போன பிறகு மற்ற நாட்களில் வெறும் நெற்றியோடுதான் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போனாள்.

அந்தக் கம்பெனி முதலாளி தாராபுரம் ரோட்டில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தி, கிராமத்து மியூசியம் என்று டிக்கெட் போட்டிருந்தார். ஞாயிறன்று அங்கே கல்யாண ஷோ. பார்க்க வருகிற ஜோடிகளை மணையில் உட்கார வைத்து, அரிசி போட்டு வாழ்த்தும் அருமைக்காரி சரசாத்தாள்தான். தாலியோடு இருக்கிறவள் செய்யவேண்டிய சடங்கு அது. மியூசியத்தில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? கவரிங் தாலியை ஆபீசிலேயே கொடுத்துவிடுவார்கள்.

மகள் இந்துமதிக்குச் சம்பந்தம் கூடியது. மாப்பிள்ளை வீட்டார் பணம் கட்டி அந்த மியூசியத்தையே மண்டபமாகப் பிடித்தார்கள். இப்போது அதுதானே பேஷன்!

"ஊரான் புள்ளைகளுக்கெல்லாம் அரிசி போட்ட கையி. எனக்கும் நீயேதாம்மா போடோணும்" என்றாள் இந்துமதி. சரசாத்தாளுக்கு அன்றிரவு சோறே இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

முகூர்த்த நாளில் அரிசித் தட்டோடு முற்றத்தில் இறங்கினாள். மாப்பிள்ளையின் அத்தை வந்து தோளைத் தொட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நல்ல காரியமுங்க. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. நாளைக்கு எங்க சனம் நாலு பேசுமுங்க."

அத்தை கத்தியிருந்தால் இவளும் கத்தியிருப்பாள். இத்தனை மரியாதையாகச் சொல்கிறவளை என்ன செய்வது? வாயைத் திறந்தால் மணையில் இருக்கும் மகளின் வாழ்க்கையல்லவா கெடும்? தட்டு கை மாறியது.

வேடிக்கை பார்ப்பவர்களை நிறுத்தக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே வந்து நின்றாள். அதைக் கண்டு இந்துமதி மணையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். உட்காரு என்று இவளே கையமர்த்தினாள். மகள் உட்கார்ந்தாள், அழுதாள். பெண் என்றால் அழத்தான் செய்வாள் என்று போட்டோக்காரன் கிட்டே போய் எடுத்தான்.

மேளம் உச்சத்துக்கு ஏறியது. யார் யாரோ அரிசி போட்டார்கள்.

அன்றும் டிக்கெட் வாங்கி மியூசியம் பார்க்க புருஷனோடு வந்திருந்த ஓர் இளம்பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, போன மாசம் எங்களுக்கு அரிசி போட்டது நீங்கதானுங்களே? இன்னிக்கு உங்களுக்கு லீவுங்களா?"

"ஆமாங் கண்ணு" என்றாள் சரசாத்தாள். "இன்னிக்கு லீவு."