மேசையில் தட்டாமல்

காலையிலிருந்தே தையல்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொள்ளுமா பின்னே? இரண்டு முறை கோட்டை விட்ட இத்தாலிய வாய்மொழித் தேர்வு. இன்றும் தவறினால் விசா கிடையாது, மகனைப் பார்க்க இன்னும் ஒரு வருஷம். குழந்தைக்குத் தேர்வு வேண்டாமாம், தாய்க்குத்தான் வேண்டுமாம், என்ன நியாயமோ! இரண்டு வயதில் அப்பனோடு இத்தாலிக்குப் போன பிள்ளைக்கு இப்போது நாலு. கணவன் வேலை இடைவேளையில்தான் கூப்பிடுவான், அந்நேரம் பிள்ளை காப்பகத்தில் இருப்பான்.

அந்த மொழியின் வினைச்சொற்கள் அவளைப் பாடாய்ப் படுத்தின. எந்த அசையை அழுத்துவதென்று எழுத்தில் பெரும்பாலும் குறியே இருக்காது. 'பேச' என்றால் பர்-லா-ரே, நடுவில் அழுத்தம். 'பேசுகிறார்கள்' என்றால் பார்-ல-னோ, முதலிலேயே. 'வசிக்கிறார்கள்' இன்னும் மோசம்: ஆ-பி-த-னோ, முதல் அசையை ஓங்கிச் சொல்லிவிட்டு மற்ற மூன்றையும் சும்மா விட வேண்டும். மிஷின் பலகையில் விரலால் தட்டித் தட்டித்தான் பாடம் பண்ணினாள். அழுத்தத்துக்கு ஓங்கி ஒன்று, மற்றதற்கு மெல்ல. கூட வேலை செய்தவர்கள் 'மத்தளம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

தேர்வறை மேசையில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. முதல் பதிலுக்கு அவள் விரல் தட்டியதுமே தேர்வாளர் அம்மாள் நிறுத்தினார்.

"தட்டாதீங்கம்மா, பதிவுல உங்க குரலே கேக்காது. கையை மடியில வச்சுக்குங்க."

கை மடிக்குப் போனதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. தொலைந்தோம் என்று நினைத்தாள். நெஞ்சு அடித்த அடியில் ஓங்கியது எது, மெல்லியது எது என்றே தெரியவில்லை. கணவரும் பிள்ளையும் எங்கே வசிக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு முதல் அசையை வெளியே தள்ளினாள். மற்ற மூன்றும் எப்படியோ பின்னால் வந்துவிட்டன.

ஒரு மணி நேரத்தில் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். தேறியிருந்தாள். வாசல்படியிலேயே உட்கார்ந்து வீடியோவில் கூப்பிட்டாள். கணவனுக்கு அன்று விடுமுறை, பிள்ளையும் வீட்டில்தான். பாஸாகிவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மகனைக் காட்டச் சொன்னாள்.

பிள்ளை திரையை உற்றுப் பார்த்தான். பிறகு அப்பன் பக்கம் திரும்பி இத்தாலியத்தில் ஏதோ கேட்டான்.

கணவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "எப்ப வருவீங்கன்னு கேக்குறான்."

இது யார் என்றுதான் பிள்ளை கேட்டிருந்தான். அது புரியும் அளவுக்கு அவளுக்கு மொழி வந்துவிட்டிருந்தது.

"சீக்கிரம் வந்துடுவேன்னு சொல்லுங்க," என்றாள்.