இரண்டு பூட்டுச் சர்க்கார்

அந்தக் குடியிருப்பில் மோட்டார் சுவிட்சுக்கு இரண்டு பூட்டு. கீழ்வீட்டார் தண்ணீர் திருடுகிறார்கள் என்று மாடிவீட்டாருக்குச் சந்தேகம்; மாடிவீட்டார் மேல் கீழ்வீட்டாருக்கு. கூட்டம் கூடிப் பேசி, சுவிட்சை இரும்புப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஒரு சாவி கீழ்வீட்டுக் கண்டக்டரிடம், இன்னொன்று மாடி டீச்சரிடம். போட்டாலும் நிறுத்தினாலும் இருவரும் சேர்ந்து வந்து திறக்க வேண்டும். திறந்த கையோடு பூட்டிவிட வேண்டும். அன்று கைதட்டியவர்களில் தையலக்காவும் ஒருத்தி. திருட்டு நின்றதென்னவோ நிஜம், பொய் சொல்லக்கூடாது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். நாடகக் கொட்டகைக்குத் தைத்த சிவப்பு வெல்வெட் திரையை, ஓரம் சரிபார்க்க மொட்டைமாடியில் விரித்திருந்தாள் தையலக்கா. வீட்டுக்குள் விரித்தால் பாதித் திரை தெருவில் கிடக்கும், அவ்வளவு நீளம். மத்தியானம் வண்டி வந்துவிடும். நனைந்தால் சாயம் போகும். கொட்டகை வேலையும் கூடவே போகும்.

அந்த நேரம் பார்த்துத் தொட்டி நிரம்பி வழிந்தது. தண்ணீர் திரையை நோக்கி நகர்ந்து வந்தது. இழுத்துப் பார்த்தாள், படுத்த எருமை மாதிரி அசைய மறுத்தது. கீழே ஓடினாள்.

"கண்டக்டர் அண்ணே, தொட்டி வழியுது! சாவியோட வாங்க!"

"அந்த டீச்சர் முதல்ல வரட்டும். காலையில மோட்டார் போட வந்தப்ப என்னை லேட்டுன்னாங்க. அவங்க கடிகாரம்தான் உலகத்துக்கே மணி சொல்லுதாக்கும்!"

மாடிக்கு ஓடினாள்.

"அவரு வந்து பெட்டிகிட்ட நிக்கட்டும், வர்றேன்," என்றார் டீச்சர். "விசிலடிச்சா ஓடிவர நான் என்ன அவரு பஸ்ஸா?"

இருவருமே தங்கமானவர்கள். தையலக்கா காய்ச்சலில் கிடந்தபோது ஒருவர் மருந்துக்கு ஓடினார், ஒருவர் தலைமாட்டை விட்டு நகரவில்லை. திருட்டு நடக்காமலிருக்கவே யோசித்தோமே, வேலை நடக்க யோசித்தோமா என்று படியிறங்கும்போது அவளுக்கு உறைத்தது. நேரே மாடிப்படிக்கு அடியில் போய், மெயின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள்.

மோட்டார் நின்றது. கூடவே எல்லா வீட்டு ஃபேனும் நின்றது. படபடவென்று கதவுகள் திறந்தன.

"யாரது கரண்டை நிறுத்தினது?"

"நான்தான்." கட்டையை ஊசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். "தண்ணி வழிஞ்சப்ப ஒருத்தரும் வரல. ஃபேன் நின்னதும் மொத்த சர்க்காரும் இறங்கி வந்துட்டீங்களே!"

"அப்ப ஃபியூஸுக்கும் ஒரு பூட்டு போட்டாகணும்," என்றார் கண்டக்டர்.

"போடுங்கண்ணே. அந்தச் சாவி என்கிட்ட. அப்புறம் மூணு பேரா சண்டை போடலாம்."

முதலில் சிரித்தது டீச்சர். கண்டக்டரின் மீசை துடித்தது, அடக்கமுடியாமல் அவரும் சிரித்தார்.

"அந்த ரெண்டு பூட்டும் கழண்டாத்தான் ஃபியூஸ் வரும்," என்றாள் தையலக்கா. "இப்ப மாடிக்கு வாங்க, திரையைத் தூக்கணும்."

தண்ணீர் திரைக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. கண்டக்டர் ஒரு முனையைப் பிடித்தார், டீச்சர் மறுமுனையை. பிடித்தபடி நின்றார்கள்.

"ஆளுக்கொரு மூலையில நின்னா எப்படி மடிக்கிறது? கிட்ட வாங்க!"

மடிப்பு மடிப்பாகக் கிட்டே வந்தார்கள். முகத்துக்கு முகம் வந்ததும், "ரைட், ரைட்," என்றார் கண்டக்டர்.

"இன்னிக்கு லேட் இல்ல," என்றார் டீச்சர்.